குரங்குக் கூடத்தில் முதல் மாதம்: ஆராய்ச்சிக் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு

முதல் நாள் காலை கூண்டுக்கு முன்னால் போய் நின்றதும் சிரித்துவிடாதீர்கள். பல் தெரியச் சிரிப்பது நமக்குச் சிநேகம். குரங்கு பல்லைக் காட்டினால் அது பயம். கண்ணுக்குக் கண் பார்ப்பது சண்டைக்கு இழுப்பது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஆள் ஒருவர் வந்து நின்றால் அது என்னவென்று எடுத்துக்கொள்ளும்? கால்நடை மருத்துவம் முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்படித்தான் இளித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த பெரிய ஆண் குரங்கு கம்பியைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் வரிசை முழுக்கக் கத்தத் தொடங்கிவிட்டது. அங்கே இருபது வருடமாகக் கூண்டு கழுவிக்கொண்டிருந்த அண்ணன் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "கீழ பாருங்க சார். உதட்ட மட்டும் லேசா சப்புக்கொட்டுங்க." கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் இருந்த ஒரு மந்தி பதிலுக்குச் சப்புக்கொட்டியது. நான் கற்றுக்கொண்ட முதல் குரங்கு வார்த்தை அது.

ஆராய்ச்சி நிறுவனங்களின் விலங்குக் கூடங்களில், அதாவது எல்லோரும் சொல்கிற அனிமல் ஹவுஸில், புதிதாகச் சேர்கிற பராமரிப்பாளர்கள், இளம் கால்நடை மருத்துவர்கள், ஆய்வு மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இந்தியக் கூடங்களில் நீங்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது இரண்டு வகை. ஒன்று, தலையில் தொப்பி வைத்ததுபோல் முடி வகிடெடுத்து விழும், நீண்ட வாலுள்ள நம் ஊர் நாட்டுக் குரங்கு. கோயில் படிக்கட்டில் தேங்காய் மூடியைப் பிடுங்குகிறதே, அதுவேதான். இன்னொன்று வடக்கே அதிகம் இருக்கிற, வால் குட்டையான ரீசஸ் குரங்கு. நம் ரத்த வகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆர்ஹெச்' பாசிட்டிவ், நெகட்டிவ் இந்தக் குரங்கின் பெயரிலிருந்து வந்ததுதான்.

குரங்கை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. எனக்கு அதில் கருத்து உண்டு, நடுவில் எட்டிப்பார்க்கும். ஆனால் இன்று காலை கூண்டுக்குள் இருக்கிற குரங்குக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை.

உங்கள் உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள்

குரங்கிடமிருந்து நமக்கு என்ன தொற்றும் என்றுதான் புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நம்மிடமிருந்து அதற்கு என்ன தொற்றும் என்று யாரும் கேட்பதில்லை. காசநோய் தொற்றும். ஒருவர் இருமினால் ஒரு கூடமே காலியாகலாம், ஏனென்றால் இந்தக் குரங்குகளின் உடம்பில் காசநோய் வேகமாகப் பரவும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும். அதனால் சேருவதற்கு முன்பும், பிறகு வருடம் தவறாமலும் உங்களுக்குப் பரிசோதனை. தட்டம்மையும் அப்படித்தான் போய்ச் சேரும். சளி, காய்ச்சல், உதட்டில் அக்கிப் புண் இருந்தால் அன்றைக்கு உள்ளே போகாதீர்கள். விடுப்புக் கேட்கத் தயங்கி முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவதில் வீரம் ஒன்றும் இல்லை.

இனி அதனிடமிருந்து நமக்கு. ரேபிஸ், டெட்டனஸ் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். இவை தவிர, பி வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆசியக் குரங்குகளின் வாயில், நமக்கு உதட்டில் வரும் அக்கி மாதிரி சாதுவாகக் கிடக்கும். மனித உடம்புக்குள் வந்தால் மூளைக்குப் போகும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர் பிழைப்பதில்லை. 1932இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து உலகம் முழுக்கப் பதிவானவர்கள் ஏறக்குறைய 50 பேர்தான், அதனால் அலட்சியம் வந்துவிடுகிறது. 1997இல் அமெரிக்காவில் ஒரு இளம் ஆய்வு உதவியாளர் கடிபடவும் இல்லை, கீறல் படவும் இல்லை. கூண்டிலிருந்து தெறித்த ஏதோ ஒரு துளி கண்ணில் பட்டது, ஆறு வாரத்தில் இறந்துபோனார். அன்று அவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

ஆகவே கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். மனசுக்கு 15 நிமிடம் என்று படுவது பெரும்பாலும் நாலு நிமிடம்தான். அதன் பிறகுதான் மருத்துவர், தகவல், ரிஜிஸ்டர் எல்லாம். உங்கள் கூடத்தில் கண் கழுவும் குழாய் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஃபார்ம் பி-யைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

பராமரிப்பாளர்களுக்கு இதை யாரும் காட்டுவதில்லை. கேளுங்கள். நீங்கள் சோறு போடுகிற விலங்குக்கு என்ன நடக்கப்போகிறது என்று எழுதியிருக்கிற தாள் அது.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம்தான் இந்தியாவில் இதற்கெல்லாம் அடி. அதன்கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க அமைந்த மத்தியக் குழுவைப் பழைய ஆட்கள் சிபிசிஎஸ்இஏ என்பார்கள், இப்போது பெயர் சிசிஎஸ்இஏ. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு உண்டு. அதில் வெளி ஆட்களும் மத்தியக் குழுவின் பிரதிநிதியும் இருப்பார்கள். எலி, முயல் என்றால் நிறுவனக் குழு அனுமதித்தால் போதும். குரங்கு என்றால் மத்தியக் குழுவும் சம்மதிக்க வேண்டும். அந்த விண்ணப்பம்தான் ஃபார்ம் பி.

சட்டத்தின் 17ஆம் பிரிவு எளிய மொழியில் இருக்கிறது. சிறிய விலங்கில் முடிகிற வேலைக்குப் பெரிய விலங்கைத் தொடாதே, வெறும் கைப்பழக்கத்துக்காகச் செய்யாதே, சோதனைக்கு முன்னும் பின்னும் ஒழுங்காகப் பார்த்துக்கொள், பதிவேடு வை என்று சொல்கிறது. நல்ல சட்டம். குழுவின் ஆணையை மீறினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 200 ரூபாய் வரை. 1960இல் அது காசாக இருந்திருக்கும்.

ஃபார்ம் பி-யைப் படிக்கும்போது பக்கம் பக்கமாக இருக்கும் அறிவியலைப் பார்த்து மிரளாதீர்கள். நான் நேராகப் போய்ப் பார்ப்பது நாலு இடம். எத்தனை குரங்கு, ஏன் அத்தனை? வலி வந்தால் என்ன மருந்து, யார் கொடுப்பார்? எந்த நிலைக்குப் போனால் சோதனையை நிறுத்துவார்கள்? முடிந்த பிறகு குரங்கு எங்கே போகும்? கடைசி இரண்டுக்கும் 'தேவைக்கேற்ப' என்று ஒற்றைச் சொல்லில் பதில் இருந்தால் உங்கள் கூடத்து மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். எடை எத்தனை சதவீதம் குறைந்தால், எத்தனை நாள் சாப்பிடாவிட்டால் என்று எண்ணில் எழுதியிருக்க வேண்டும். நடுராத்திரி பணியில் இருப்பவர் முடிவெடுக்க எண் வேண்டும், நல்லெண்ணம் போதாது.

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கில அறிஞர்கள் மூன்று வழிகளைச் சொன்னார்கள்: விலங்கில்லாமல் முடியுமா பார், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டன. வேலை முடிந்த விலங்குக்கு மறுவாழ்வு. நாலாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

குரங்கு விஷயத்தில் இந்தியாவுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. போலியோ தடுப்பூசி தயாரிக்க ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்கள் தேவைப்பட்ட 1950களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் இங்கிருந்து விமானம் ஏறின. 1955இல் லண்டன் விமான நிலையத்தில் நானூற்றுக்கு நெருக்கமான குரங்குகள் ஒரு வண்டிக்குள் மூச்சுமுட்டிச் செத்தன. அப்போது கொஞ்ச காலம் ஏற்றுமதியை நிறுத்திப் பிறகு நிபந்தனையோடு திறந்தார்கள். கதிர்வீச்சுச் சோதனைகளுக்குப் போகின்றன என்று தெரிந்ததும் 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு அடியோடு தடை செய்தது. போலியோ சொட்டு மருந்து வாயில் விழுந்த எந்தக் குழந்தைக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு, எனக்கும் சேர்த்து.

வந்து இறங்கிய குரங்கைக் கொஞ்சம் விடுங்கள்

புதிதாக வரும் குரங்கைத் தனிமைப்பகுதியில் ஆறு வாரம்வரை வைப்பார்கள். இந்தக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காசநோய்ச் சோதனை: மேல் இமையின் விளிம்பில் மெல்லிய ஊசியால் டியூபர்குலின் போட்டு, 24, 48, 72 மணி நேரத்தில் இமை வீங்குகிறதா என்று பார்ப்பது. இமையில் ஏன் என்று நானும் கேட்டேன். குரங்கைத் திரும்பப் பிடிக்காமல், தூர நின்றே பார்த்துச் சொல்லிவிடலாம். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சின்னச் சின்னக் கரிசனங்களில் இதுவும் ஒன்று.

காட்டிலிருந்து பிடித்து வந்த குரங்கு என்றால் உண்ணி பார்க்க வேண்டும். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்த பிறகுதான் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் மனிதர்களுக்கும் வருவது தெரிந்தது, பரப்பியது உண்ணி. காட்டிலிருந்து பிடித்துவருவதையே நான் ஏற்கவில்லை. 2020இல் கோவாக்சின் சோதனைக்கு வேண்டியிருந்த குரங்குகள் 20தான். ஊரடங்கில் அவற்றைத் தேடிக் காட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. கூடத்திலேயே பிறந்து, ஆள் பழகி, நோய் இல்லாமல் வளர்ந்த குரங்குகள் போதுமான அளவு நம்மிடம் இல்லை என்பதன் பலன் அது.

முதல் வாரம் அதற்குப் பெயர் வைப்பது, படம் எடுப்பது, நண்பர்களைக் கூட்டிவந்து காட்டுவது எதுவும் வேண்டாம். அதே ஆள், அதே நேரம், அதே நிறச் சட்டை. சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டு வருகிறவர்கள் அதைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். பிடிக்க வருகிறவன் வரும் ஓசையை அது இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிடும்.

பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காலையில் உணவு போடுவதற்கு முன்னால், கையில் எதுவும் இல்லாமல், வரிசைக்குக் குறுக்கே ஒரு ஸ்டூலில் பத்து நிமிடம். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம் எல்லாம் சுவரில் இருக்கிற மீட்டர் சொல்லிவிடும். குரங்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல மீட்டர் கிடையாது.

குரங்கு நோயை மறைக்கும். கூட்டத்தில் பலவீனம் தெரிந்தால் இடம் போய்விடும், அதனால் நீங்கள் வாசலில் தலைகாட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்து எதையோ மெல்வதுபோல் பாவனை செய்யும். அஞ்சு நிமிடம் கழித்து உங்களை மறக்கும். அப்போதுதான் தோள் குறுகும், தலை தொங்கும், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதுகிற ரிஜிஸ்டர் பாவனையின் ரிஜிஸ்டர்.

எதைப் பார்ப்பது? சாப்பாட்டை எடுத்ததும் கன்னப் பையில் அடக்குகிறதா, அடக்கியதைப் பிறகு மெல்கிறதா, நேற்றைய பெல்லெட், அதாவது கட்டித் தீவனம், அப்படியே கிடக்கிறதா, மலம் எப்படி, ரோமம் ஒட்டிப்போய் இருக்கிறதா. இதெல்லாம் உடம்பு.

மனசு வேறு இடத்தில் தெரியும். ஒரே தடத்தில் ஒரே எண்ணிக்கையில் சுற்றிச் சுற்றி நடப்பது. தன் முன்னங்கையில் முடியைப் பிடுங்கிப் பிடுங்கி வழுக்கையாக்குவது. விரலால் தன் கண்ணோரத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மோசமான நிலையில் தன்னையே கடித்துக்கொள்வது. பழைய ஆட்கள் இதைச் 'சேட்டை' என்று சிரித்துக்கொண்டு போவார்கள். ஒரு குரங்கு குட்டிக்கரணம் அடிக்கிறது, என்ன அழகு என்று என்னிடம் ஒருவர் சொன்னார். நான் எண்ணினேன். பத்து நிமிடத்தில் எழுபத்திரண்டு குட்டிக்கரணம், எல்லாம் இடது பக்கமாக.

இந்த மாதிரிப் பழக்கம் ஒட்டிவிட்டால் கூண்டு மாற்றினாலும் சுலபத்தில் போகாது. வருவதற்கு முன் நிறுத்துவதுதான் வழி.

தனியாக வைக்காதீர்கள்

தனிக் கூண்டுக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். சண்டை வரும், மருந்து யாருக்கு எவ்வளவு என்று தெரியாது, தலையில் பொருத்திய கருவியை மற்றது பிடுங்கிவிடும். ஒன்றிரண்டில் நியாயம் உண்டு. ஆனால் 1950களின் இறுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியில் செய்த பொம்மைத் தாயையும் துணி சுற்றிய பொம்மைத் தாயையும் கொடுத்தாரே, பால் கம்பியில் இருந்தும் குட்டிகள் துணியைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. பிறகு அவர் இன்னும் கொடூரமாக, குட்டிகளை மாதக்கணக்கில் முழுத் தனிமையில் அடைத்தும் பார்த்தார். வெளியே வந்தவை தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. தனிமை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள இன்னொரு சோதனை தேவையில்லை. கேள்விக்கான விலையை அந்தக் குட்டிகள் கொடுத்துவிட்டன. 1985இல் அமெரிக்கச் சட்டம் ஆய்வுக் குரங்குகளின் மனநலத்தையும் கவனிக்க வேண்டும் என்றது. 2010இன் ஐரோப்பிய விதியோ, இந்த வகைக் குட்டிகளை எட்டு மாதத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது.

நாட்டுக் குரங்கு இதில் இன்னும் ஒரு படி மேல். ராத்திரியில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஒரே உருண்டையாகத் தூங்குகிற ஜாதி. அதைத் தனியாக வைப்பது என்பது வெறும் இடப் பிரச்சினை இல்லை.

ஜோடி சேர்ப்பதை அவசரமில்லாமல் செய்யுங்கள். வயதில் வித்தியாசம் உள்ள இரண்டு, அல்லது இரண்டு இளசுகள் என்றால் சுலபம்; வளர்ந்த இரண்டு ஆண்கள் என்றால் கடினம், முடியாததல்ல. முதலில் அடுத்தடுத்த கூண்டு, நடுவில் விரல் நுழையும் வலை. சப்புக்கொட்டுகிறதா, ஒன்று விலகி மற்றதற்கு இடம் விடுகிறதா, வலைக்குள் கையை விட்டுப் பேன் பார்க்கிறதா என்று சில நாள் கவனியுங்கள். யார் பெரியவர் என்று அவர்களுக்குள் வலை வழியாகவே முடிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு, இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது கூண்டில் காலையில் சேர்த்துவிடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சாப்பாடு இரண்டு இடத்தில், தண்ணீர் இரண்டு இடத்தில், ஒன்று மற்றதன் கண்ணிலிருந்து மறைய ஒரு தடுப்பு. கொஞ்சம் அடிதடி இருக்கும். அறை விழுந்தால் பொறுங்கள், கடித்துக் குதறினால் பிரித்துவிடுங்கள்.

அன்றைக்கு வென்றவருக்கு முதலில் சோறு வையுங்கள். நமக்கு இருக்கிற 'பாவம் சின்னவன்' என்ற இரக்கத்தில் தோற்றவனுக்கு முதலில் கொடுத்தால் அடி அவனுக்குத்தான் விழும்.

கூண்டைப் பொறுத்தவரை, தரைப்பரப்பைவிட உயரம் முக்கியம். பயந்தால் குரங்கு மேலே ஓடும். ஐரோப்பிய விதி இந்த வகைக்கு வைத்திருக்கிற குறைந்தபட்ச உயரம் 1.8 மீட்டர். காரணம் எளிது: உட்காரும் பலகை நம் கண் மட்டத்துக்கு மேலே இருந்தால் அது நம்மைக் குனிந்து பார்க்கும். இரண்டு அடுக்காக வைத்த கூண்டுகளில் கீழ் அடுக்கில் இருட்டில் இருப்பவற்றைப் பார்த்தால் புரியும். உங்களால் கட்டடத்தை மாற்ற முடியாது. கீழ் அடுக்கையும் மேல் அடுக்கையும் முறை வைத்து மாற்ற முடியும்.

தட்டு காலியாவது சாப்பாடு அல்ல

பெல்லெட்டைத் தட்டில் கொட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். காட்டில் பகலின் பெரும்பகுதி தேடித் தின்பதிலேயே போகும். மீதி நேரத்துக்கு அது என்ன செய்யும்? முடியைப் பிடுங்கும்.

அதனால் ஒளித்துக் கொடுங்கள். மூங்கில் குழாயில் ஓட்டை போட்டு உள்ளே வறுத்த கடலை. அகலத் தட்டில் வைக்கோல் பரப்பி ஒரு பிடி கம்பு அல்லது கேழ்வரகு. கொட்டாங்குச்சிக்குள் வெல்லத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தது, சித்திரை மாதத்தில் இதற்கு அடிதடி. முருங்கைக் கிளை, புளியங்கொழுந்து ஒடித்துப் போடலாம், நன்றாக அலசிவிட்டு. அரளி பக்கமே போகாதீர்கள். சாக்குத் துண்டும் வேண்டாம், நூல் பிரிந்து விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்ற ஒரு குட்டியைப் பார்த்திருக்கிறேன்.

நம்மைப் போலவே குரங்குக்கும் வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது. மூட்டையிலேயே கிடந்தால் பெல்லெட்டில் உள்ளதும் போய்விடும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். நிலைப்படுத்தாத வைட்டமின் சி சேர்த்த தீவனத்தை 90 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஈறில் ரத்தம், நடக்கத் தயங்குவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் மூட்டையைப் போய்ப் பாருங்கள். தினம் ஒரு கொய்யாத் துண்டு அல்லது நெல்லிக்காய் போட்டால் இந்தப் பயம் இல்லை.

மூளை ஆய்வுக் கூடங்களில் தண்ணீரைக் குறைத்து, சோதனையில் கொடுத்த வேலையைச் செய்தால் பழச்சாறு என்று பழக்குவார்கள். உங்கள் இடத்தில் அது உண்டு என்றால், வேலை செய்யாவிட்டாலும் அன்றைக்குக் கண்டிப்பாகக் கொடுத்தாக வேண்டிய அளவு என்ன என்று எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் எடை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும்தான். தாகத்துக்கு ஞாயிறு லீவு கிடையாது.

பிடிக்காமல் ஊசி போடுவது

எங்கள் இடத்தில் கூண்டின் பின்சுவரை நெம்பி முன்னால் இழுப்போம். குரங்கு முன் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், தொடையில் ஊசி. அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்குள் கத்தல், மூத்திரம், மலம் எல்லாம். பக்கத்துக் கூண்டுகளும் கத்தும். அடுத்து அரைமணி நேரம் எடுக்கிற ரத்தத்தில் பயத்தின் ஹார்மோன்தான் இருக்கும், ஆய்வாளர் தேடுகிறது அதுவாக இருந்தால் சரி.

பதினாறு என்று ஒரு மந்தி இருந்தாள். தொடையின் உட்புறம் பச்சை குத்திய எண் அது, வேறு பெயர் இல்லை. நெம்புகோல் சத்தம் கேட்டாலே மேல் மூலையில் ஒட்டிக்கொள்வாள். அவளிடம்தான் நான் பழக்கத் தொடங்கினேன், காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். முதல் வாரம் எதுவும் இல்லை. பந்துமுனைப் பேனாவை 'டிக்' என்று அழுத்துவேன், ஒரு கடலை கொடுப்பேன். டிக், கடலை. டிக், கடலை. சத்தம் கேட்டதும் என் கையைப் பார்க்கத் தொடங்கினாள், அதுதான் வேண்டியது. அடுத்து ஒரு குச்சி முனையில் சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்பூனைக் கட்டி நீட்டினேன். இரண்டு நாள் முறைத்தாள். மூன்றாம் நாள் ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். டிக், கடலை. ஸ்பூன் எங்கே போகிறதோ அங்கே வந்தாள். ஸ்பூனை மேலே பிடித்து, அவள் எட்டித் தொடும்போது தொடை கம்பியருகே வருமாறு செய்தேன். தொடையை என் விரலால் தொட்டேன். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால். பிறகு மழுங்கிய முனையால் அழுத்தி. பிறகு உண்மையான ஊசி, வெறும் உப்புநீர். ஐந்து வாரம் ஆனது. கடைசியில் நான் ஸ்டூலைப் போட்டதுமே திரும்பி உட்கார்ந்து தொடையைக் கம்பியில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பி என் கடலை டப்பாவைப் பார்ப்பாள்.

நான் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், அவசரத்தில் இருந்த ஒருவர் நெம்புகோலைப் போட்டுவிட்டார். திரும்பி வந்தபோது பதினாறு மேல் மூலையில் இருந்தாள். மறுபடியும் பேனாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே பழக்கிய குரங்கின் கூண்டில் ஒரு அட்டை தொங்கவிடுங்கள்: 'பழக்கியது, நெம்பாதே.' விடுப்பில் போகும்போது யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இன்னொன்று: அது வர மறுக்கும் நாளில் கட்டாயப்படுத்தாதீர்கள். நேற்றுவரை வந்தது இன்று வரவில்லை என்றால் பெரும்பாலும் உடம்பு சரியில்லை. எங்கள் கூடத்தில் இரண்டு நோய்களை அப்படித்தான் முதலில் பிடித்தோம்.

அறுவைக்குப் பிறகு

கெட்டமைன் என்ற மயக்க மருந்தைப் போட்டால் குரங்கு அசையாது, கண் திறந்தே இருக்கும். அசையாததால் வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய அறுவைக்கு அது மட்டும் போதாது. கண் இமைக்காததால் காய்ந்துபோகும், களிம்பு போட்டு மூட வேண்டும். வலி மருந்தை வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, விழிப்பதற்கு முன்பே தொடங்குவது. எத்தனை மணிக்கு அடுத்த வேளை என்று கூண்டு அட்டையில் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணி வேளையை யார் கொடுப்பது என்று பெயரோடு.

குரங்குப் புண் ஆறாது என்று ஊரில் சொல்வார்கள், நோண்டிக்கொண்டே இருக்கும் என்பதால். உண்மைதான். ஆனால் அதற்காகக் கழுத்தில் பட்டை போட்டுக் கையைக் கட்டிப்போடுவதைவிட, தோலுக்கு உள்ளேயே மறைந்திருக்கும் தையல் போடச் சொல்லுங்கள். முடிச்சு வெளியே தெரியாவிட்டால் நோண்ட எதுவும் இல்லை. வலி அடங்கியிருந்தால் இன்னும் நல்லது. நோண்டுவதில் பாதி வலிக்கிறது என்பதற்காகத்தான். தெளிந்து நடக்கத் தொடங்கியதும் ஜோடியிடம் விடுங்கள். வாரக்கணக்கில் பிரித்துவைத்துச் சேர்த்தால் அது புது ஆள்.

வேலை முடிந்த குரங்கு

ஃபார்ம் பி-யின் அந்த நாலாவது கேள்வி. இந்தக் குரங்குகள் நல்ல கவனிப்பில் 25 வயதைத் தாண்டும். ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பணம் பெரும்பாலும் மூன்று வருடம். மறுவாழ்வுச் செலவும் ஆராய்ச்சிச் செலவில் சேர்ந்ததே என்று நம் வழிகாட்டு நெறி சொல்கிறது. விண்ணப்பத்தில் அந்த வரிக்கு நேராக ஒரு தொகை இருக்கிறதா என்று பாருங்கள். காட்டில் விட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடாது. கூண்டிலிருந்து எடுத்துப்போகும் நோய் அங்குள்ள கூட்டத்தை அழிக்கலாம், அங்குள்ள கூட்டம் இதை அடித்தே கொன்றுவிடலாம். அமெரிக்கா 2015இல் அரசு ஆய்வுகளில் சிம்பன்சிகளைப் பயன்படுத்துவதை முடித்துக்கொண்டபோது லூசியானாவில் உள்ள காப்பகத்துக்குத்தான் அனுப்பியது.

எங்கள் இடத்தில் இருந்தது அவ்வளவு பெரியதல்ல, பின்பக்கம் வலை கட்டிய திறந்தவெளி, நாலு மரம். பதினாறையும் அவள் ஜோடியையும் அங்கே மாற்றினோம். கதவைத் திறந்ததும் ஓடிப்போய் மரம் ஏறுவாள் என்று பார்க்கப் பாதிக் கூடமே வந்து நின்றது. அவள் சிமென்ட் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். மண்ணில் கால் வைக்கவில்லை. ஒரு கையை நீட்டிப் புல்லைத் தொட்டுவிட்டு, தொட்ட விரலை மோந்து பார்த்தாள். அப்படியே இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை அந்த அண்ணன்தான் அவளது பழைய கூண்டில் இருந்த உட்காரும் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். நான் கழுவச் சொன்னேன். "கழுவிடாதீங்க சார், வாடை போயிடும்," என்று அழுக்கோடு மரத்தடியில் வைத்தார். மத்தியானம் பார்த்தபோது அவள் அதன்மேல் இருந்தாள். அதனால், இடம் மாற்றும்போது பழைய கூண்டிலிருந்து ஒரு பலகையோ கிளையோ கழுவாமல் எடுத்துவையுங்கள். மாற்றுவதற்கு முதல் நாளே புது இடத்தில் போட்டுவிடுங்கள், எங்களை மாதிரி மூன்றாம் நாள்வரை காத்திருக்காமல்.